எந்த மெயிலை உள்ளே விடுவது

எங்கள் கம்பெனியின் மெயில் சர்வரைப் போன மாதம் கழற்றிவிட்டார்கள். இனிமேல் மெயில் எல்லாம் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனி ஒன்றின் கணினிகளில் இருக்கும். மாதாமாதம் வாடகை கட்டினால் போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதிப் பேர் முன்பே அப்படி மாறிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே என் வலது காது மந்தமாகிவிட்டது.

என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மிளா போன் செய்தாள். "அண்ணா, தடுத்து வெச்ச மெயிலை எல்லாம் தினமும் காலையில ஒரு ஆள் உக்காந்து பாக்கணும்னு ஒரு வழக்கம் வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு? புதுசுல எல்லாம் அதுவே பாத்துக்கும்னு சொல்றாங்க. நிறுத்திடவா?"

போனில் சொன்னால் வளரும், எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் மெயிலோடு நிற்கவில்லை.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். ஒன்பதாவது படிக்கும்போது கணக்குப் பரீட்சையன்று பள்ளிக்குப் போகாமல் ரயில் ஏறினேன். அரக்கோணத்தில் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. சோலாப்பூரில் ஓட்டலில் மேஜை துடைத்தேன். சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்ததும் கிளம்பிவிட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன். கோவாவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். மலேரியா வந்து ஒரு பஸ் ஸ்டாண்டில் சில நாள் படுத்திருந்தேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா தண்ணீர் கொடுத்தார். பெங்களூரில் ஒரு கணினிக் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, பிறகு பெட்டிகளைக் கழற்றி மாட்டக் கற்றேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை. காலையில் எழுந்ததும் போக வேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன்.

அப்பா காலமான பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று திரும்பி வந்தேன். அம்பத்தூரில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. இங்கேயும் ஒரு வருடம் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன். அதற்குக் கோமதி மேடம் ஒரு காரணம்.

மேடம் நிர்வாகமும் கொள்முதலும் பார்த்த பொது மேலாளர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி வரும். சந்தேகப்பட்டுக் கேட்பதாக இருக்காது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். ஒருவர் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், கையிலிருக்கும் வாட்சைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். அது கவிழ்ந்துவிட்டால் வெளியே யார் காத்திருந்தாலும் சரி, அவசரம் கிடையாது. என்னைப் போல் ஊர் ஊராக அலைந்தவன் பேச்சை அப்படி உட்கார்ந்து கேட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

குப்பை மெயிலைத் தடுக்கும் ஃபில்டர் வேண்டும் என்ற பேச்சு வந்தது ஒரு வரைபடத்தால். ஒரு வாடிக்கையாளர் ஸ்பிரிங் ஒன்றின் அளவை மாற்றிப் புது வரைபடத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் பெட்டிகளில் நாள் முழுக்கக் குப்பை கொட்டும். லாட்டரி விழுந்தது, வயாகரா வாங்கு, ஆப்பிரிக்க ராஜகுமாரன் சொத்தில் பாதி தருகிறேன் என்கிறான். அதற்குள் வரைபடம் மூழ்கிவிட்டது. பழைய அளவிலேயே செய்து அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்து ஸ்டோர்ஸ் வாசலில் மலை மாதிரி நின்றது.

முதலாளி சத்தம் போட்டுவிட்டுப் போனதும் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"கதிரேசன், இந்தக் குப்பையை வாசல்லயே நிறுத்த சாஃப்ட்வேர் இருக்காமே?"

"நிறைய இருக்கு மேடம்."

"எது நல்லது?"

"எல்லாரும் அவங்கவங்களதுதான் நல்லதுன்னு சொல்றாங்க."

"அப்ப நாமளே பாத்துடலாம்."

பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வேலையில் எந்தப் பொருளை வாங்கும்போதும் அது உதவும். எங்களுக்கு முன்பே வந்திருந்த மெயில்களைப் பிரதி எடுத்தேன். ஒவ்வொரு பிரிவிலும் அவரவர் மெயிலை அவரவரே பார்த்து, இது வேண்டியது, இது குப்பை என்று பிரித்துத் தர வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். சண்டை போட்டுக்கொண்டே பிரித்தார்கள். பழைய கணினி ஒன்றோடு மூன்று ஃபில்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, அதே மெயில்களை உள்ளே விட்டுப் பார்த்தேன். நாம் பிரித்ததும் அது பிரித்ததும் எங்கே மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலாவது இலவசமாகக் கிடைப்பது. வாத்தியார் மாதிரி மார்க் போடும். தலைப்பு இல்லையா, ஒரு மார்க். எல்லாம் பெரிய எழுத்தா, இன்னொரு மார்க். இலவச முகவரியா, அதற்கும் மார்க். கூட்டிப் பார்த்து ஓர் அளவைத் தாண்டினால் நிறுத்தி வைக்கும். ஏன் நிறுத்தினேன் என்று கீழே எழுதியும் வைக்கும். ஆனால் ஆள் உட்கார்ந்து மார்க்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தொந்தரவு.

இரண்டாவது கிண்டியிலிருந்து ஓர் ஏஜென்ட் கொண்டுவந்த இரும்புப் பெட்டி. கெட்ட முகவரிகளின் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு, அதில் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஒரே இன்டர்நெட் லைனில் இருக்கும் ஒருவன் தப்பு செய்தால் அக்கம்பக்கத்தில் உள்ள அனைவரையும் சேர்த்துத் திருப்பிவிடும். எங்கள் தெருவிலேயே பாதிக் கம்பெனிகளின் மெயிலை அது உள்ளே விடவில்லை.

மூன்றாவது கற்றுக்கொள்ளும் ஃபில்டர். அதற்கு எந்த விதியும் சொல்ல வேண்டாம். நாம் எதைக் குப்பை என்று காட்டுகிறோமோ அதைப் பார்த்து, இது போன்றவையெல்லாம் குப்பை என்று தானே புரிந்துகொள்ளும். சோதனையில் அதுதான் மற்ற இரண்டையும் தூக்கி அடித்தது.

முடிவை எடுத்துக்கொண்டு போனபோது மேடம் கேட்ட கேள்வி எனக்கு அதுவரை தோன்றாதது.

"குப்பையை உள்ள விடுறது ஒரு தப்பு. நல்ல மெயிலை நிறுத்துறது ஒரு தப்பு. ரெண்டுல எது பெருசு?"

"ரெண்டும் தப்புதானே மேடம்."

"குப்பை உள்ள வந்தா நான் பாத்துத் தூக்கிப் போட்டுடுவேன். நல்ல மெயில் நின்னுட்டா, அது சேரலன்னு அனுப்பினவருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். போய்ச் சேந்துடுச்சுன்னுதான் நெனைப்பாங்க."

"பதில் வரலன்னா என்ன நெனைப்பாங்க?"



மூன்றாவதின் ஏஜென்ட் வந்தபோது மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது யார்கிட்ட கத்துக்கும்?"

"உங்க ஸ்டாஃப் எல்லார்கிட்டேர்ந்தும் மேடம். ஒரே ஒரு பட்டன்தான். யார் அமுக்கினாலும் எல்லாருக்கும் சேத்துக் கத்துக்கும்."

"எல்லார்கிட்டேர்ந்துமா?" என்று கேட்டுவிட்டு, சில மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்.

ஒவ்வொரு பிரிவாகப் போய் அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். ஸ்டோர்ஸில் ராஜாங்கம் அண்ணன் இருந்தார். பூந்தமல்லிக்காரர். வருகிற சரக்கு, போகிற சரக்கு எல்லாம் அவர் கையில். கணினியைத் தொடும் முன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார், அது அழுக்காகிவிடும் என்று.

"இன்னா கதிரு, இத்த அமுக்குனா மெயிலு அழிஞ்சிடுமா?"

"அழியாதுண்ணே. தனியா ஒரு பெட்டில போய் உக்காந்துக்கும். எப்ப வேணா எடுத்துக்கலாம்."

"அப்ப அந்த டெலிட்டு?"

"அது போனா போனதுதான். ராத்திரி சர்வரே துடைச்சிடும்."

"அடப்பாவி" என்றார். நான் அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் தாமோதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளானூர்க்காரர். அவர்கள் குடும்பத்து நிலத்தின் ஓரத்தில் ஒரு ஷெட் போட்டு, எங்கள் ஸ்பிரிங்குகளில் ஒரு வகைக்குத் துத்தநாக முலாம் பூசிக் கொடுப்பார். தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். போனில் அவர் பேசினால் ராஜாங்கம் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார்.

"டேய் தாமு, நீ போன வெச்சுட்டு அங்கேர்ந்தே பேசுடா. நல்லா கேக்குது."

அந்தப் பக்கத்திலிருந்து வருவது ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்கும். "வண்டி அனுப்புறியா, இல்ல உன் தலைல வெச்சு எடுத்துனு போறியா நைனா?"

தினமும் இது ஒரு வேளை நடக்கும். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் எல்லாம் இரண்டு பக்கமும் பறக்கும். கடைசியில் "சாப்ட்டியா?" என்று ஒருவர் கேட்டதும் போன் வைக்கப்படும்.

ஃபில்டர் பேச்சு வருவதற்கு முன்பே தாமோதரனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. ராஜாங்கம் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கேட்டுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் தாமோதரன் மெயில் எழுதக் கற்றுக்கொண்டார். அவருடைய மகள் ஓர் இலவச முகவரி எடுத்துக் கொடுத்திருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார், எல்லாமே பெரிய எழுத்தில். தலைப்பு இருக்காது. ஒரே நாளில் நாலைந்துகூட வரும். சரக்கு தயார் என்று ஆரம்பித்து, நடுவில் மழை, மகள், ஷெட் என்று போய், வண்டி அனுப்பு என்று முடியும். ஸ்பேம் எனப்படும் குப்பை மெயிலுக்குச் சொல்லப்படும் அத்தனை லட்சணமும் அந்த மனிதருடைய மெயிலில் இருந்தன.

கற்றுக்கொள்ளும் ஃபில்டரை மாட்டிய பிறகு அலுவலகம் அமைதியாகிவிட்டது. ராஜகுமாரர்கள் காணாமல் போனார்கள். அதையே வாங்கிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த மாதங்களில் தாமோதரனுக்குப் போகும் வகை ஸ்பிரிங்குக்கு ஆர்டர் இல்லை. வெளியில் வேலை கொடுக்கும் பட்டறைகளை அடுத்த வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. எல்லோருக்கும் விலை கேட்டு மெயில் போகும், பதில் போடாதவர் பெயர் பட்டியலில் இருந்து நீங்கும். கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரவீன் நீக்க வேண்டிய பெயர்களைக் கொண்டுவந்தபோது நான் மேடம் அறையில் ஒரு பிரிண்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"தாமோதரனா?" என்று மேடம் நிமிர்ந்தார். "அவர் பதில் போடலயா?"

"இல்ல மேடம். ரிமைண்டரும் அனுப்பிட்டேன். போனும் போட்டேன். எடுக்கிறார், எதுவும் பேச மாட்டேங்கிறார். டொக் டொக்னு ஏதோ தட்டுற சத்தம் வருது. கட் பண்ணிடறார். இன்ட்ரஸ்ட் இல்ல போலிருக்கு."

மேடம் வாட்சைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"பிரவீன், அவருக்குக் குரல் கிடையாது. ஆபரேஷன் ஆயிருக்கு. அந்தத் தட்டுறதுதான் அவர் பேசுறது."

பிரவீனின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "எனக்கு யாரும் சொல்லல மேடம்" என்றான்.

"சொல்லியிருக்கணும், சொல்லல. அவர் பதில் போடலன்னு எப்படித் தெரியும்?"

"வரலயே மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரை விட்டுவிட்டு எழுந்தேன்.

அந்த ஃபில்டரில் தடுக்கப்பட்டவை அவரவருடைய ஸ்பேம் பெட்டிக்குப் போகும். யாரும் அதைத் திறப்பதில்லை. பிரவீனுடைய பெட்டியைத் திறந்தேன். விலை கேட்ட மறுநாளே தாமோதரன் பதில் போட்டிருந்தார். ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் போட்டிருந்தார். கடைசி பதிலில் விலை இல்லை. 'நான் எழுதுவது வருகிறதா' என்று மட்டும் இருந்தது.

மேடம் அதை நின்றுகொண்டே படித்தார். "இத்தனை நாள் அவர் மெயில் வந்துட்டிருந்ததே. சோதனைலகூட நல்ல மெயில் பக்கம்தானே இருந்தது. இது குப்பைன்னு அதுக்கு யார் சொன்னது?"

தாமோதரனுக்கு அந்த ஷெட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. எங்களை விட்டால் வேறு வேலையும் இல்லை. பேச முடியாத ஆள் புது வாசலில் போய் நின்று வேலை கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாஷை தெரியாத ஊர்களில் நான் அப்படி நின்றிருக்கிறேன். கையைக் காட்டுவோம், வயிற்றைக் காட்டுவோம், துரத்துவார்கள்.

ஸ்டோர்ஸ் பெட்டியையும் பார்த்தேன். தாமோதரன் ராஜாங்கத்துக்கு எழுதியவை அங்கே வரிசையாக அடைபட்டுக் கிடந்தன. அதில் ஒன்றை விடுவித்துவிட்டு, ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ராஜாங்கம் திரையின் முன்னால் குனிந்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா கதிரு, தாமு எழுதிட்டான். ரொம்ப நாளா எழுதவே இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

படித்து முடித்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மவுஸை நகர்த்தி, நிதானமாக, ஸ்பேம் பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே! அத்த ஏண்ணே அமுக்கின?"

"படிச்சாச்சுப்பா."

"அது குப்பைனு சொல்ற பட்டன்ணே."

"குப்பையா?" என்று திரும்பினார். "நீதானே சொன்ன, தனிப் பெட்டில பத்திரமா போய் உக்காரும், அழியாதுன்னு? டெலிட்டு பண்ணா சர்வரு துடைச்சிடும்னு? அவன் எழுதுனத தொடைக்க மனசு வருமா? அதான் பழசுலேர்ந்து ஒண்ணு விடாம எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி வெச்சிருக்கேன்."

அந்தப் பொத்தானை மற்றவர்கள் ராஜகுமாரனுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர், ஒரே ஒருவருடைய மெயிலுக்கு மட்டும், நாள் தவறாமல் அழுத்தியிருக்கிறார். ஃபில்டர் நல்ல மாணவன். இந்தக் கம்பெனி தாமோதரனைப் போல் வேறு யாரையும் வெறுப்பதில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டது.

"அப்டியே விட்டுருக்கலாமேண்ணே. வந்த எடத்துலயே இருந்திருக்குமே."

"இருந்தா பாத்துகினே இருக்கும்பா. பதில் போடலியே, பதில் போடலியேன்னு."

"போட வேண்டியதுதானே?"

"இன்னான்னு போடுவேன்? போன்லன்னா, டேய் கம்னாட்டின்னு ஆரம்பிப்பேன். அவன் ஒண்ணு சொல்லுவான். எழுத்துல கம்னாட்டின்னு எழுதிப் பாத்தேன் கதிரு. படிச்சா நெஞ்சு பகீர்னுது. ஆபரேசன் ஆனவன போய் திட்டுற மாதிரி கீது. திட்டாம எழுதுனா யாரோ ஆபீசரு எழுதுன மாதிரி கீது. அப்பறம் இன்னாத்த எழுதறது?"

விலைப் பதில் நின்றுபோனதையும் பட்டியலில் பெயர் போகப் போவதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானா?" என்று கேட்டார்.

மேடமிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. விலைப் பதில் கெடு நாளுக்குள் வந்திருப்பதால் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று பிரவீனிடம் சொன்னார். பிறகு என்னிடம், "அவர் கேட்டிருக்கார்ல, நான் எழுதுறது வருதான்னு. அதுக்கு மெயில்ல பதில் போடாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க. ராஜாங்கத்தையும் கூட்டிட்டுப் போங்க."

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் என் வண்டியில் இருவரும் கிளம்பினோம். வெள்ளானூரில் புது வீடுகளுக்கு நடுவே அந்த ஷெட் மட்டும் தகரக் கூரையோடு நின்றது. வாசலில் ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். குடோனுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தவராம். முலாம் பூசும் தொட்டிகள் காலியாகக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தன.

தாமோதரன் எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ராஜாங்கத்தைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்த கம்பிக் கொக்கிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

நான் ஃபில்டர், பொத்தான், பெட்டி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கொக்கிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். கேட்டாரா என்றே தெரியவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு வார்த்தை தட்டி, எனக்குக் காட்டாமல், ராஜாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். படிச்சியா, என்று இருந்தது.

ராஜாங்கம் அதைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டாவது தொட்டி ஒழுவுதுன்னு எழுதுன. எம்சீல் வெச்சு அடச்சேன்னு எழுதுன, மறுபடி ஒழுவுதுன்னு எழுதுன. மழை தண்ணி ஷெட்டுக்குள்ள வந்துச்சுன்னு எழுதுன. உன் பொண்ணு பரீட்சை எழுதறா, சாமி கும்புடுன்னு எழுதுன. கும்புட்டேன். பாசுன்னு எழுதுன. தூங்கும்போது மூச்சு அடைக்குதுன்னு எழுதுன. அன்னிக்கு ஊட்ல போயி நானும் தூங்கல. அப்பறம் இட்லி முழுங்குனேன்னு எழுதுன. ஆபரேசனுக்கு அப்பறம் மொத இட்லின்னு. கேண்டீன்ல எல்லார்க்கும் சொன்னேன், கேட்டுப் பாரு. தாமு இட்லி துன்னுட்டான்டான்னு. அதுக்கு அப்பறம்தான் உன் மெயிலு வரல. நானே அடச்சு வெச்சுட்டேன்னு இன்னிக்குதான் தெரியும்."

அவ்வளவையும் அவர் எங்கும் நிறுத்தாமல் சொன்னார். தாமோதரன் கொக்கியைக் கீழே வைத்தார். கழுத்துத் துணி மேலும் கீழும் போய்வந்தது. அழும்போதும் அவருக்குச் சத்தம் வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்சம் கழித்து அவர் வாசலுக்குப் போனார். அளந்துகொண்டிருந்தவரின் தோளைத் தட்டி, இரண்டு கையையும் விரித்து, இல்லை என்று காட்டினார்.

"இன்னா சார், காலைல ஓகேன்னீங்க?" என்றார் அவர்.

தாமோதரன் கவிழ்த்துவைத்த தொட்டி ஒன்றை நிமிர்த்தினார். நானும் ராஜாங்கமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

மறுநாள் மேடம் கேட்டார். "ஏன் நிறுத்தினேன்னு சொல்ற சாஃப்ட்வேர் எது?"

"மொதல்ல பாத்தது மேடம். மார்க் போடுறது. ஆனா தினமும் ஆள் பாக்கணும்."

"பாக்கட்டும். நிறுத்தினது எல்லாம் ஒரே பெட்டில இருக்கட்டும். ஒருத்தர் தினமும் காலையில படிக்கட்டும். ஊர் ஊராப் போய் எல்லா மாதிரி ஆளையும் பாத்தவரா இருந்தா நல்லது."

யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலாளிக்கு விருப்பமில்லை. புத்திசாலி ஃபில்டரை விட்டுவிட்டு இதை ஏன் மாட்ட வேண்டும் என்றார். புத்திசாலியாக இருப்பது சரி, யாரைப் பார்த்து வளர்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னதாகப் பிரவீன் வந்து சொன்னான்.

அன்றிலிருந்து அது என் வேலை. அலைந்து திரிந்தவனுக்கு அது பொருத்தமான வேலைதான். உட்கார்ந்த இடத்துக்கே உலகத்தின் எல்லா ஊரிலிருந்தும் பொய்கள் வரும். அவற்றுக்கு நடுவில், எழுதத் தெரியாமல் எழுதிய ஒரு பட்டறைக்காரர், தலைப்புப் போட மறந்த ஒரு லாரி டிரைவர், வேலை கேட்டு எழுதிய ஒரு பெண் என்று நிஜமான ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை உள்ளே விட வேண்டும். ஷர்மிளாவுக்கு என் பதில் இவ்வளவுதான். புது சாஃப்ட்வேர் என்னைவிட நன்றாகப் பார்க்கலாம். ஆனாலும் அது நிறுத்தியவர்களை யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

மார்க் போடும் ஃபில்டரை மாட்டிய வாரம் ராஜாங்கம் தன் முதல் பதிலை எழுதினார். சாப்பாட்டு நேரம் முழுவதும் ஒற்றை விரலால் தட்டினார். என்னைக் கூப்பிட்டு, பார்க்காதே என்று சொல்லிவிட்டு, எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டு அனுப்பினார். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மணி அடித்து எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். சரக்கு வண்டி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் எழவில்லை.

"கதிரு, தப்பா எழுதிட்டேனா? ஒரு வார்த்தை சேத்துட்டேன். போன்ல சொல்லுவேனே, அந்த வார்த்தை."

எனக்குச் சட்டென்று பொறிதட்டியது. என் அறைக்கு ஓடினேன். தடுத்துவைத்த பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே தாமோதரனின் பதில் நின்றிருந்தது. தலைப்பு இல்லை, ஒரு மார்க். எல்லாம் பெரிய எழுத்து, ஒரு மார்க். இலவச முகவரி, ஒரு மார்க். ஆபாசமான சொற்கள், மூன்று மார்க். மெயிலைப் படிக்காமல் விடுவித்தேன்.

எங்கள் அறைக்கும் ஸ்டோர்ஸுக்கும் நடுவில் தகரத் தடுப்புதான். சற்று நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. ராஜாங்கம் அண்ணன் தாமோதரனை, அவருடைய தகப்பனாரை, முலாம் தொட்டியை, வெள்ளானூர் முழுவதையும் வாய் நிறையத் திட்டத் தொடங்கினார். சரக்கு வண்டிக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மாடியில் மேடம் அறையின் ஜன்னல் திறந்தது. அது மூடும் சத்தம் வரவில்லை.